அண்ணனின் சோகத்துக்கு நாங்கள் குடித்த கசாயம்

வெண்கலத் தட்டின் நடுவில் ஒரு வெல்லக் கட்டி இருக்கிறது. அதைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எல்லார் வாயும் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. நாக்கை எங்கே வைத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போது ஓர் எறும்பு தட்டின் விளிம்பில் ஏறியது. யாரிடமும் அனுமதி கேட்காமல் நேராகப் போய் வெல்லத்தில் வாய் வைத்தது. ஓர் எறும்பைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது வாழ்க்கையில் அன்றைக்கு ஒரு நாள்தான்.

இது நடந்தது மலைமேல் நெல்லிவாசல்நாட்டில், என் அண்ணன் வீட்டில். வெளியே மழை விட்டிருந்தது. வாசலில், மலைக்கு ஆள் ஏற்றி ஓட்டும் முருகனின் ஜீப் நின்றுகொண்டிருந்தது. அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்த ஆட்கள் ஆளுக்கொரு தரம் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். முருகன் போக முடியாது. அவனும் எங்களோடு வட்டத்தில் உட்கார்ந்து வெல்லத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன வாரம், காவலூரில் நான் தையல் கடை போட்ட கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: ‘உங்கள் அண்ணன் எப்போதுமே சிரித்த முகம்தானா? அவருக்குக் கோபம், வருத்தம் எதுவும் வராதா?’ வரும் தாயே. ஒரு முறை வந்தது. அதற்குத்தான் நாங்கள் எல்லாரும் கசாயம் குடித்தோம்.

மொட்டைத் தலையும் சீப்புச் சின்னமும்

என் அண்ணன் அண்ணாமலை, சாமையும் புளியுமாகப் பிழைக்கிறவர். பேச்சுத்தான் அவருக்கு மூன்றாவது விளைச்சல். தன் வீட்டு மாடு கன்று போட்டால் அடுத்த ஊருக்கு நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வருவார். கன்றுக்கு உடம்பு சரியில்லை என்றால் அதற்கும் ஒரு நடை உண்டு.

இப்படி ஓர் ஆளை உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில் சும்மா விடுவார்களா? வார்டு மெம்பருக்கு நில்லு என்று பாதி ஊர் உசுப்பிவிட்டது. மீதி ஊர் பக்கத்து வீட்டுச் சடையனை உசுப்பிவிட்டது. சடையன் அண்ணனுக்குச் சின்ன வயதுக் கூட்டாளி. வேலிக்கு அந்தப் பக்கம் சடையன் இருமினால் இந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் வெந்நீர் கொண்டுபோவார். மதியச் சாப்பாடு சடையனுக்கு எப்போதும் எங்கள் அண்ணி கையால்தான்.

அண்ணனுக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. அவருக்குத் தலையில் முடி கொட்டிப் பல காலம் ஆகிறது. சடையனுக்குத் தண்ணீர்க் குழாய். அந்த ஊரில் குழாய் உண்டு, தண்ணீர் வருவதுதான் எப்போதாவது. இரண்டு பேரும் ஒரே பைக்கில் போய் ஓட்டுக் கேட்டார்கள். அண்ணன் வண்டி ஓட்டுவார், சடையன் பின்னால் உட்கார்ந்து இரண்டு பேருடைய நோட்டீஸையும் கொடுப்பார். கேட்டால், தனித்தனியாகப் போனால் பெட்ரோல் வீண்தானே என்றார்கள்.

ஓட்டு எண்ணினார்கள். ஒரே ஓர் ஓட்டு வித்தியாசத்தில் அண்ணன் தோற்றுப்போனார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். சுவரைப் பார்த்துப் படுத்தார். அவ்வளவுதான், பேச்சு நின்றுபோயிற்று. மாட்டைப் பிடித்துக் கட்டுவார், களி போட்டால் தின்பார், மறுபடியும் போய்ச் சுவரைப் பார்ப்பார். மெம்பர் ஆன சடையன் வழக்கம்போல மதியம் வந்து உட்கார்ந்து, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போவாராம்.

காலியாக இருந்த மடி

இது எதுவும் தெரியாமல் நானும் என் வீட்டுக்காரரும் தாம்பூலத் தட்டோடு மலைக்குள் போய் இறங்கினோம். கார்த்திகையில் என் சின்னவள் தேன்மொழிக்குக் காது குத்துவதாக இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தானே குத்த வேண்டும்?

“அண்ணா, தேனுக்குக் காது குத்தறோம். நீதான் மடி,” என்றேன்.

சுவரிலிருந்து பதில் வந்தது. “வேற யாரயாவது ஒக்கார வெச்சிக்கோம்மா. தோத்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் எப்டி சபையில ஒக்கார்றது?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. எனக்குக் காது குத்தியபோது தாய்மாமன் இல்லாததால் அண்ணன்தான் என்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊசி எனக்கு, ஒப்பாரி அவருக்கு. அன்று அவர் அழுத அழுகையில் நான் அழவே மறந்துபோனேன் என்று சொல்வார்கள். அந்த மடி என் பெண்ணுக்கு இல்லையென்றால் எனக்கு அந்த விசேஷமே வேண்டாம்.

அடிவாரத்தில் என் நாத்தனாருக்குச் சேதி எட்டியது. போனில், “அதனால இன்னா? எங்க வூட்டுக்காரரு மடி சும்மாதான கீது?” என்றாள். அவள் வீட்டுக்காரரின் மடியில் அவருடைய தொந்தி மட்டும்தான் உட்கார முடியும். நான் போனை வைத்தேன்.

அப்போதுதான் பின்கட்டிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

“மாப்ளைக்கிப் பேஜாரு புடிச்சிக்கீது. கசாயம் வெச்சிட வேண்டியதுதான்.”

பச்சையம்மாவின் பானை

அது பச்சையம்மா அக்கா. அண்ணியோடு கூடப் பிறந்த மூத்தவள். வாக்கப்பட்டதும் அதே ஊர்தான். யாருக்காவது முகம் கொஞ்சம் வாடினால் போதும், பானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். காதலில் தோற்றுப்போன முருகனுக்கு ஒரு முறை கொடுத்தாள். அவன் அந்தப் பெண்ணை மறந்தானோ இல்லையோ, பச்சையம்மா அக்காவைக் கண்டால் ஜீப்பை வேறு பாதையில் திருப்பக் கற்றுக்கொண்டான். பால் கறக்காத பசுவுக்கு மனக்கவலை என்று சொல்லி அதற்கும் ஒரு சொம்பு ஊற்றினாள். பசு அவளை முட்டியது. ‘பாத்தியா, சுறுசுறுப்பு வந்துட்ச்சி’ என்றாள்.

கசாயத்தில் என்னவெல்லாம் போடுகிறாள் என்று கேட்டால் எரிந்து விழுவாள். நான் பார்த்தவரையில் சொல்கிறேன். ஓடை ஓரத்து வல்லாரை. ஒரு பிடி துளசி. சடாமாஞ்சில் என்று முடி முடியாக ஒரு வேர், அது மலையில் கிடைக்காது. திருப்பத்தூர் நாட்டு மருந்துக்கடைக்கு என்னைத்தான் அனுப்பினாள். கடைக்காரர் “தலைக்குத் தேய்க்கவாங்க?” என்று கேட்டார். “எங்கண்ணனுக்கு ஓட்டுல தோத்த சோகம்” என்றேன். அவர் கொஞ்சம் கூடுதலாகவே பொட்டலம் கட்டினார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் அந்த வாசனைக்கு இரண்டு ஸ்டாப் தாங்கினாள், பிறகு எழுந்து நின்றுகொண்டாள்.

கடைசியாகப் போடுவது சிறியாநங்கை. அதுவும் இரண்டு கை நிறைய. இதன் கசப்பை எழுதிக் காட்ட என்னால் ஆகாது. வேப்பிலை இதன் பக்கத்தில் பாயசம். மற்றதெல்லாம் மனசுக்கு, சிறியாநங்கை எதற்கு என்று ஒரு முறை துணிந்து கேட்டேன். “அது இல்லன்னா எவன் திருந்துவான்?” என்றாள்.

(இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் பானையை ஏற்ற வேண்டாம். பச்சையம்மா அக்கா மாதிரி ஆளை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு எங்களோடு போகட்டும். நிஜமாகவே மனசு முடங்கிப்போனால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.)

கசப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதோடு சேர்ந்து வரும் சட்டங்கள்தான் ஆளைக் கொல்லும். ஒரு வீட்டில் ஒருவருக்குச் சோகம் பிடித்தால், சோகம் பிடித்த நாளிலிருந்து அந்த வீட்டு அடுப்பில் வெந்ததைத் தின்ற பெரியவர்கள் எல்லாரும் குடிக்க வேண்டும். சோகம் யாரிடமிருந்து வந்ததோ, யாருக்குத் தெரியும்? இது முதல் சட்டம். குடித்த பிறகு, சோகம் பிடித்தவர் வாயைத் திறந்து மனசில் இருப்பதைச் சொல்லும்வரை யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது, நடுவில் வைத்த வெல்லத்தைத் தொடக் கூடாது. இது இரண்டாவது.

கரண்டி மாப்பிள்ளை

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பெயர் செல்வம். அடிவாரத்து ஊர்க்காரர், காவலூரில் பைக் மெக்கானிக். மலை வழக்கங்களில் அவர் மாட்டிக்கொள்வது இது முதல் தடவை இல்லை.

எங்கள் கல்யாணம் ஆன புதிதில் ஊர் விருந்து ஒன்று. எங்கள் பக்கத்தில் யாரும் தனக்குத் தானே பரிமாறிக்கொள்ள மாட்டார்கள். அடுத்தவர்தான் போட வேண்டும். பசித்தால் பக்கத்து இலைக்குப் போட வேண்டும், அவர் புரிந்துகொண்டு உங்களுக்குப் போடுவார். இவருக்கு அது தெரியாது. சாமைச் சோற்றுச் சட்டியைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எட்டிக் கரண்டியை எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டார்.

பந்தியே அவரைத் திரும்பிப் பார்த்தது. மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. அன்றிலிருந்து அவருக்கு அந்த ஊரில் பெயர் ‘கரண்டி மாப்ள’. இப்போது வரைக்கும் எதிரில் வருகிற குழந்தைகூடக் கையைக் கரண்டி மாதிரி குவித்துக் காட்டும்.

வெல்லத்தைச் சுற்றி

சரி, வட்டத்துக்கு வருவோம். அண்ணன், அண்ணி, பச்சையம்மா அக்கா, சடையன், முருகன், என் வீட்டுக்காரர், நான். சடையனும் முருகனும் அங்கே சாப்பிட்டவர்கள் என்பதால் தப்ப முடியவில்லை. முருகன், “நான் ஒரே ஒரு கவளம்தான்க்கா தின்னேன்” என்று கெஞ்சினான். “அப்ப ஒரே ஒரு டம்ளர் குடி” என்றாள் பச்சையம்மா அக்கா.

குடித்தோம். என் வீட்டுக்காரர் காதுகள் இரண்டும் தானாக ஆடியதை நான் கண்ணால் பார்த்தேன்.

“இன்னாக்கா இது, இன்ஜின் ஆயிலே தேவல,” என்றான் முருகன்.

பச்சையம்மா அக்கா மட்டும் டீ குடிப்பது போல நிதானமாகக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்துவைத்தாள். அண்ணனும் ஒரே மூச்சில் குடித்தார். முகத்தில் மாற்றமே இல்லை. ஏற்கெனவே இருந்த முகத்துக்கு மேல் அதை எங்கே கொண்டுபோய்ச் சுளிப்பது?

வெளியே ஹாரன் அடித்தது. எறும்பு வெல்லத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ண்ணா, எதுனா பேசுண்ணா,” என்றான் முருகன். “ஜீப்ல ஆளுங்க ஒக்காந்துகினு கீறாங்க.”

அண்ணன் பெருமூச்சு விட்டார். “ஒரு ஓட்டுடா முருகா. அந்த ஒரு ஓட்டு யாருதுன்னு நெனச்சாதான்...” அதற்குமேல் சொல்லாமல் எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

பச்சையம்மா அக்கா தலையை ஆட்டினாள். “பாதி சொன்னா செல்லாது.”

அண்ணி சாந்தி அதிகம் பேசாதவள். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “அது நான்தான். நான் ஒங்களுக்குப் போடல. வெல்லத்த எடுக்கட்டுமா?”

எங்களுக்குக் கசப்பையும் மீறிச் சிரிப்பு வந்தது. அண்ணியாவது, அண்ணனுக்கு எதிராக ஓட்டுப் போடுவதாவது! நாக்கு தாங்கவில்லை, பாவம், பொய் சொல்கிறாள் என்று நினைத்தோம். ஆனால் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

“இல்லண்ணா, நான்தான் தப்பு பண்ணிட்டேன்,” என்றான் முருகன். அவன் வேறு வார்டு.

“மச்சான், மன்னிச்சிருங்க. நான்தான் குழாய்க்கிப் போட்டுட்டேன்,” என்றார் என் வீட்டுக்காரர். அவர் ஓட்டு அடிவாரத்தில் இருக்கிறது.

“அண்ணா, நானும்தான்!” என்று நான் கத்தினேன். கல்யாணம் ஆனதிலிருந்து என் ஓட்டு காவலூரில். வெல்லம் கிடைக்கும் என்றால் போன தேர்தலில் போட்டதையும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

அண்ணன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “ஒரு ஓட்டுல தோத்தவனுக்கு இத்தினி பேரா துரோகம் பண்ணுவீங்க?” என்றார். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“நீங்க யாரும் இல்லம்மா. அது நான்தான்.”

ஹாரன்கூட நின்றதுபோல இருந்தது.

“சீட்ட வாங்கிகினு மறைப்புக்குள்ள போனேன். சீப்பும் இருக்குது, கொழாயும் இருக்குது. நமக்கு நாமே போட்டுக்கறது இன்னா பொழப்புன்னு ஆயிட்ச்சி. வெக்கமா பூட்ச்சி. சடையனுக்கு ஒரு குத்து குத்திட்டு வந்துட்டேன். என்னை நானே தோக்கடிச்சிட்டு, ஊருக்கு முன்னாடி எப்டிச் சொல்றது? ஓட்டு போட்ட சனங்க இன்னா நெனைக்கும்?”

எல்லாரும் ஒரே நேரத்தில் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் இரண்டு கைகளையும் மடியில் ஒளித்துக்கொண்டார். அந்த ஊரில் இந்த ஒருவர் தேர்தலில் நின்றிருந்தால் நிச்சயம் ஜெயித்திருப்பார்.

சடையன் எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார். “டேய் அண்ணாமல,” என்றார். “நான் ஒனக்குதான்டா போட்டேன்.”

“இன்னாடா சொல்ற?”

“சீப்புலதான்டா குத்தினேன். எனக்கு மட்டும் வெக்கம் இல்லியா?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனதை நான் பார்த்தேன். அப்போது பார்த்து என் வீட்டுக்காரர் விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தார். மெக்கானிக் புத்தி.

“அப்போ இவர் ஓட்டும் அவர் ஓட்டும் சரிக்குச் சரி. கழிச்சிட்டாலும் ஒரு ஓட்டு ஒதைக்கிதே மச்சான். அது யாரு?”

எல்லாரும் அவர் விரலையே பார்த்தோம். அப்போது நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அண்ணி வெல்லத்தை உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நான்தான் மொதல்லயே சொன்னேனே,” என்றாள்.

அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். அண்ணி மென்றுகொண்டே சொன்னாள்: “ஜெயிச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்? தண்ணி வர்லன்னு ஒருத்தன், லைட்டு எரியலன்னு ஒருத்தன், விடிஞ்சா வூட்டாண்ட நிப்பானுங்க. ஒங்களுக்கு இல்லன்னு சொல்ல வராது. வந்தவனுக்கெல்லாம் களி கிண்டிப் போடுறது யாரு? சடையண்ணனுக்கு இல்லன்னு சொல்ல நல்லா வரும். அதான் கொழாய்ல குத்திட்டேன்.” பிறகு மெல்லுவதை நிறுத்தினாள். “நீங்க இப்டிச் செவுத்தப் பாத்துப் படுப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா போட்டிருப்பனா? அப்பவே சொல்லலாம்னு பாத்தா, முதுவத் திருப்பிக்கினு இருக்கற ஆளுகிட்ட எதச் சொல்றது?”

“அடிப்பாவி,” என்றார் அண்ணன்.

பனி நாளில் முருகனின் ஜீப்பைக் கிளப்பிப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் இரண்டு இருமல். ஓர் உதறல். பிறகு பிடித்துக்கொள்ளும். அண்ணனுக்குச் சிரிப்பு அப்படித்தான் வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. அண்ணியும் சிரித்தாள், அழுதாள், இன்னொரு துண்டு வெல்லத்தை எடுத்து அவர் வாயில் திணித்தாள். நாங்கள் தட்டின் மேல் பாய்ந்தோம். எறும்பு எப்படியோ தப்பித்தது.

சடையன் மட்டும் வெல்லத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “இப்ப இன்னாடா பண்றது? பதவிய எழுதிக் குடுத்துட்டு வரட்டுமா?” என்றார்.

“ஒக்காருடா. வெல்லத்தத் தின்னு. எங்க வூட்டுக்காரி பாத்துப் போட்ட மெம்பரு நீ,” என்றார் அண்ணன்.

“கசாயம் வேல செஞ்சிட்ச்சி,” என்று பச்சையம்மா அக்கா பானையைக் கழுவக் கிளம்பினாள். வல்லாரையா, சடாமாஞ்சிலா, எது வேலை செய்தது என்று என்னைக் கேட்காதீர்கள். என் ஓட்டு வெல்லத்துக்குத்தான்.

போட்டோ

கார்த்திகையில் காது குத்து நடந்தது. என் நாத்தனார் வீட்டுக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று புது வேட்டி கட்டித் தயாராக வந்திருந்தார். அதற்குள் எங்கள் அண்ணன் சீர்த்தட்டோடு ஜீப்பிலிருந்து இறங்கினார். இறங்கும்போதே பேச்சு. கோயில் வாசலில் செருப்பு விடுவதற்குள் நாலு பேரிடம் தான் தோற்ற கதையைச் சொல்லிவிட்டார்.

தேன்மொழியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை வீரிட்டது. அண்ணன் முகம் கோணத் தொடங்கியது. எனக்கு அந்த முகம் தெரியும். அன்றைக்கு எனக்காக அழுத அதே முகம். இன்னும் ஒரு நொடியில் ஒப்பாரி கிளம்பிவிடும்.

அந்த நேரத்தில் பச்சையம்மா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். கையில் ஓர் எவர்சில்வர் டம்ளர். டம்ளரை லேசாக ஆட்டிக் காட்டினாள்.

போட்டோகிராபர் அந்த நொடியில்தான் அமுக்கினார். படம் என் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள்: குழந்தை அந்தக் கத்துக் கத்துகிறது, இந்த மாமன் ஏன் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரிக்கிறார்? படத்தின் இடது ஓரத்தில் வளையல் போட்ட ஒரு கையும் டம்ளரும் தெரியும். அதைக் காட்டுவேன்.

விழா முடிந்ததும் அந்த டம்ளரை எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தது மோர். இந்த வாரப் பத்திரிகை மலைக்குப் போய்ச் சேரும்வரை என் அண்ணனுக்கு அது தெரியாது.